தேக்குக்கு மட்டும் வரும் கோபம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பூங்கா வாசலில் வரிசை நின்றது. சினிமா டிக்கெட்டுக்கு அல்ல. ஒரு மனிதரின் காதுக்காக. ஆளுக்கொரு இலையை ஈரத்துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் முந்திவிடக் கூடாதே என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

அது சாதாரணக் காது அல்ல. இலையை அதில் ஒட்டி வைத்தால் செடி தன் பெயர், வயது, மனக்குறை எல்லாவற்றையும் சொல்லிவிடும். முப்பது வருடம் தண்ணீர் ஊற்றியவனிடம் ஒரு வார்த்தை பேசாத மரம், முந்தாநாள் ஊருக்கு வந்த ஆளிடம் அந்த வீட்டு ரகசியம் முழுவதையும் கொட்டிவிடும். அந்தக் காதுக்குச் சொந்தக்காரரைப் பச்சைச்செவியார் என்று அழைத்தார்கள். காது பச்சையாக இல்லை. பக்தர்கள் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிந்தது.

அவர் வருவதற்கு முன்பு அந்தப் பூங்காவில் எங்கள் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. செடி பார்ப்பவர்கள் கூட்டம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கையெழுத்து நன்றாக இருப்பதால் கூட்டத்து நோட்டு என்னிடம் இருந்தது. எங்கள் முறை எளிது. தெருவோரத்தில், வேலிக்கடியில், மாடித் தொட்டியில் கண்ட செடியின் கொப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஒருவர் பெயர் சொல்ல வேண்டும். இன்னொருவர் தனியாகப் பார்த்து அதே பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் இருவரும் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும்.

எங்களில் உண்மையாகவே விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அவரிடம் எந்தக் கொப்பை நீட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், காம்பைக் கிள்ளி முகர்வார், பிறகு "பூ வரட்டும், அப்புறம் சொல்றேன்" என்பார். இலையை மட்டும் வைத்துப் பெயர் சொன்னால் தப்பாகப் போகும் என்பது அவர் கட்சி. அவருக்குப் 'பூவரட்டும்' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

நாங்கள் பொறுத்துக்கொண்டோம். ஊர் பொறுத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு படிச்சவரு, தெரியாதுன்னு சொல்றாரே, வெக்கமா இல்ல?" என்று பேசிக்கொண்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரை விட, தெரியாததை அடித்துச் சொல்கிறவர் மேல் மனிதர்களுக்கு எப்போதும் ஒரு கண்.

அந்த நேரம் பார்த்துத்தான் பச்சைச்செவியார் வந்தார். முதல் நாள் யாரோ ஒரு வேப்பிலையை நீட்டினார்கள். கண்ணை மூடினார். காதில் வைத்தார். மூச்சை இழுத்துவிட்டார்.

"வேம்பு" என்றார்.

கூட்டம் ஆடிப்போய்விட்டது. மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்த இலை அது. ஆனால் குழந்தை கண்ணைத் திறந்துகொண்டல்லவா சொல்லும்!

அடுத்தது தேக்கு. உப்புத்தாள் போன்ற அந்த இலையைத் தடவினாலே தெரியும். சொன்னார். அதற்கடுத்து, வரப்போரத்தில் முளைத்த ஒரு பொடிச் செடி. காதில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு சிரித்தார்.

"பேரைச் சொல்ல வெக்கப்படுது."

"அடடா!" என்றது கூட்டம். பூவரட்டும் 'தெரியவில்லை' என்றால் அறியாமை. பச்சைச்செவியார் 'வெட்கப்படுது' என்றால் ஞானம். நான் இரண்டையும் ஒரே பேனாவால் நோட்டில் எழுதினேன்.

மூன்றாவது வாரம் பெயரிலிருந்து மனக்குறைக்கு வந்தார். ஒருவர் வீட்டு மரம் அவர் மேல் கடுங்கோபத்தில் இருப்பதாகச் சொன்னார். வியாபாரம் படுத்ததற்கு அதுதான் காரணமாம். வெட்டிவிட வேண்டும். ஆனால் வெட்டிய மரத்தை வீட்டில் வைக்கக் கூடாது, விற்கக் கூடாது, அதில் ஒரு முக்காலி கூடச் செய்யக் கூடாது. செய்தால் கோபம் ஏழு தலைமுறைக்குத் தொடரும்.

"அப்ப அந்த மரத்தை என்ன பண்றது ஐயா?"

"என் மச்சினன் வண்டி எடுத்துட்டு வருவான். கோபத்தை அவன் தலைமேல ஏத்திக்குவான். உங்களுக்காக."

மச்சினன் வந்தார். நல்ல ஆரோக்கியமான மச்சினன். ரம்பம், கயிறு, அளவு நாடா எல்லாவற்றோடும் வந்தார். கோபத்தை எதற்கு அளக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடிமரத்தை அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மரத்தைப் பறிகொடுத்தவர் வாசலில் நின்று கண்ணீர் மல்கக் கும்பிட்டார்.

ஐந்தாவது வாரம் என் வீட்டு வாகை போனது. ஏன் ஒப்புக்கொண்டீர் என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது அஜீரணம். மரம் போனது. அஜீரணம் போகவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பஸ் கண்டக்டர் அம்மா உண்டு. வழிநெடுக ஜன்னலில் வந்து உரசும் கொப்புகளைப் பறித்து டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார். மீதிச் சில்லறை கேட்பவர்களுக்குச் சில சமயம் எருக்கம்பூ சேர்ந்து வரும். செடிகளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது அவருக்கு. ஆனால் ஒரே பார்வையில் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆறாவது வாரம் அவர் என் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"நோட்டைக் குடுங்க" என்றார்.

"என்னம்மா விஷயம்?"

"எங்க அக்கா மரத்துக்குக் கோபமாம். வர்ற புதன்கிழமை வெட்டப் போறாங்க."

அவர் அக்காவை எனக்குத் தெரியும். என் சட்டைகளுக்குக் காலர் மாற்றிக் கொடுக்கும் தையற்காரம்மா. தகரக் கூரை வீடு. பகலில் அந்தத் தகரத்துக்கடியில் ஆள் இருக்க முடியாது என்பதால், வாசலில் நிற்கும் பெரிய மகோகனி மரத்து நிழலில்தான் தையல் மிஷின் போட்டிருப்பார். அவருடைய வீட்டுக்காரர் ஒரு துணிக்கடை வாசலில் காவலாளி. மூன்று வருடமாக முழங்கால் வலி. இலையைக் காதில் வைத்த பச்சைச்செவியார், அந்த வலியை மரம்தான் அனுப்புகிறது என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் இருவரும் போய்ப் பேசிப் பார்த்தோம்.

"அக்கா, அத்தான் பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பார்க்கறாரு. முட்டி வலிக்காம பின்ன கைதட்டுமா?"

"அந்தக் கடையில இன்னும் நாலு பேரு நிக்கறாங்க. அவங்களுக்கு வலிக்கலையே."

"கேட்டுப் பார்த்தியா?"

"எதுக்குக் கேக்கணும்? மரமே சொல்லிடுச்சே!"

"மரம் போனா நீ எங்க உக்காந்து தைப்ப? அந்தத் தகரத்துக்கு அடியிலயா? வெந்துடுவ."

தையற்காரம்மா மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். "நான் வேகறேன்டி. அவரு ராத்திரி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு முனகறதை நீ கேட்டதில்ல. அவரு நல்லா நடந்தா போதும் எனக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசைக்காரனை ஏமாற்றினால் பார்த்துச் சிரிக்கலாம். புருஷன் மேல் உள்ள பாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் நிழலைத் திருடுகிறானே என்று வயிறு எரிந்தது. என் அஜீரணத்தோடு சேர்ந்து நன்றாகவே எரிந்தது.

திரும்பி வரும்போது கண்டக்டர் அம்மா பஸ்ஸிலேயே நோட்டைப் பிரித்து விரலால் வரிவரியாகப் போனார்.

"சார், இதைப் பாருங்க. வெக்கப்பட்டதெல்லாம் யாரு? நெருஞ்சி, குப்பைமேனி, தொட்டிச்செடி, வேலிக்கொடி. கோபப்பட்டதெல்லாம் யாரு? தேக்கு, வாகை, வேங்கை, பலா, மகோகனி."

"ஆமா..."

"முருங்கைக்குக் கோபமே வரலையே சார்? பப்பாளி சாதுவா? வாழைக்கு வாயே இல்லையா?"

நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஆறு வாரம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அழகான கையெழுத்தில், ஒரு பிழையில்லாமல். பிழை திருத்துவது என் தொழில்!

"பலகைக்கு ஆகற மரத்துக்கு மட்டும்தான் ரோஷம் வருது" என்றார் கண்டக்டர் அம்மா. "இந்த ஆளு எங்கயோ மரக்கடையில இருந்தவன். அதான் மரத்தைத் தடவினா தெரியுது, களையைத் தடவினா தெரியல."

பஸ் கடைசி நிறுத்தத்தில் திரும்பியது. அங்கே ஒரு உயர்ந்த மதில். மதிலுக்குள் பிரமாண்டமான ஒரு தேக்கு. அதன் கொப்பு பஸ் ஜன்னலில் உரசியது. வாசலில் மச்சினனின் வண்டி நின்றது. மதிலோரம் எதையோ தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

"யாரு வாங்கியிருக்கற வீடு தெரியுதா? தினம் இங்கதான் இறங்குவாரு, காதுக்காரரு."

"அப்ப ஊர்ல சொல்லிடலாமே!"

சொன்னோம். அன்று சாயங்காலமே சொன்னோம். மரமெல்லாம் அவர் வீட்டிலேயே இருக்கிறது என்று சொன்னோம். கேட்டவர்கள் உருகிப் போனார்கள். "நம்ம எல்லார் பாவத்தையும் அவர் வீட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டியிருக்காரா? என்ன மனசுங்க!" என்றார்கள். எனக்கு அஜீரணம் கூடியது.

அதனால்தான் கண்டக்டர் அம்மா ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றார். கையில் ஒரு கொப்பு. சாதாரணமாகப் பறித்தது அல்ல. முந்தின நாள் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பிடித்து இழுத்ததில், ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையும் உரிந்துகொண்டு வந்திருந்தது. ஈரத்துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார். கூட்டத்தில் அவர் அக்காவும் நின்றார். புதன்கிழமை எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று கேட்டுப் போக வந்திருந்தார்.

"வாம்மா. என்ன கொண்டுவந்திருக்க?" என்றார் பச்சைச்செவியார்.

"மரத்துக் கொப்புங்க ஐயா. நல்லா வளர்ந்து நிக்குது. ரெண்டு பேரு கை கோத்தாத்தான் கட்டிப்பிடிக்க முடியும்."

பச்சைச்செவியாரின் மூடிய கண்ணுக்குள் விழி உருண்டது. மச்சினனின் கை தானாகவே அளவு நாடாவுக்குப் போனது.

இலை காதுக்கு ஏறியது. நீண்ட மூச்சு. முகம் கறுத்தது. உதடு துடித்தது.

"தேக்கு! முப்பத்தஞ்சு வயசு! ஐயோ, இவ்வளவு கோபமான மரத்தை நான் கேட்டதே இல்ல. இது நிக்கற வீட்டுத் தலைவன் உயிருக்கே ஆபத்து!"

"எந்த வீட்டுல நிக்குதோ அந்த வீட்டுத் தலைவனுக்கா?"

"அவனுக்குத்தான். புதன்கிழமை தாண்டக் கூடாது."

"ஏதாவது செஞ்சு சமாதானப்படுத்த முடியாதா ஐயா?"

"வெட்டறதைத் தவிர வழியே இல்ல."

"இலை பொய் சொல்லாதே?"

"மனுஷன் சொல்லுவான். இலை சொல்லாது" என்றார் பச்சைச்செவியார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"அப்ப எங்க வழக்கப்படி நோட்டுல ஒரு கையெழுத்து."

நான் நோட்டை நீட்டினேன். பெயர்: தேக்கு. குறை: கடுங்கோபம். பாதிக்கப்படுபவர்: மரம் நிற்கும் வீட்டின் தலைவர். தீர்வு: வெட்டுதல். பச்சைச்செவியார் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். பூவரட்டும் பூதக்கண்ணாடியை எடுத்தார். இலையைத் தடவிப் பார்த்து, "தேக்குங்கிற வரைக்கும் நான் ஒத்துக்கறேன்" என்று பெயருக்கு நேராக மட்டும் கையெழுத்துப் போட்டார். பூ வராமலே அவர் கையெழுத்துப் போட்டது அன்றுதான்.

கண்டக்டர் அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பஸ்ஸில் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்திப் பழகிய தொண்டை அது.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? இந்தக் கொப்பு ஐயா வீட்டு மதிலுக்குள்ள நிக்கற தேக்குல இருந்து பறிச்சது!"

எல்லார் தலையும் ஐயா பக்கம் திரும்பியது.

இந்த இடத்தில் கூட்டம் விழித்துக்கொண்டு கல்லெடுக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நம் மக்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

முதலில் குரல் எடுத்தவர் தையற்காரம்மா. "ஐயோ! ஐயா உயிருக்கா ஆபத்து!" என்று வாயில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் அலறியது.

"ஊருக்கெல்லாம் நல்லது பண்ணிட்டுத் தன் வீட்டைப் பார்க்காம விட்டுட்டாரே!"

"புதன் வரைக்கும் எதுக்கு? இப்பவே வெட்டிடலாம்!"

"ரம்பம் வண்டியில இருக்கு! எடுங்கடா!"

"வேண்டாம், வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்றார் பச்சைச்செவியார். யார் கேட்டார்கள்? அன்பு கண்ணை மறைத்துவிட்டது. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டார்கள். பூங்கா வாசலில் பத்து மணி பஸ் நின்றது. கண்டக்டர் அம்மா பையை மாட்டிக்கொண்டு படியில் நின்றார்.

"உயிர் காக்கப் போறவங்களும் டிக்கெட் எடுத்துட்டுத்தான் ஏறணும்" என்றார்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது பச்சைச்செவியாருக்கு வியர்த்து ஊற்றியது. மதில் கதவைக் கையை விரித்து மறித்துக்கொண்டார்.

"இது என் மரத்துக் கொப்பே இல்ல! வேற எங்கயோ பறிச்சிருக்கா!"

பூவரட்டும், பின்னாலேயே வந்திருந்த மச்சினனின் வண்டி மேல் ஏறி, மதிலுக்கு வெளியே நீண்டிருந்த கிளையில் பட்டை உரிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். கொப்பை அதில் வைத்தார். உரிந்த பட்டை, உரிந்த தழும்பில் நூலிழை பிசகாமல் பொருந்தி உட்கார்ந்தது. எல்லாரும் எம்பி எம்பிப் பார்த்தார்கள்.

"ஐயா வீட்டு மரமேதான்!" என்றார்கள். ரம்பம் கை மாறி முன்னால் வந்தது.

"இருங்க, இருங்க! அது... அதுக்குக் கோபம் தணிஞ்சிடுச்சு! இப்பதான் சொல்லுச்சு!"

"வெட்டறதைத் தவிர வழியே இல்லன்னீங்க" என்றேன் நான். "நோட்டுல கையெழுத்து இருக்கு. என் வாகைக்கு மட்டும் ஏன் தணியல?"

"ஐயாவுக்கு மரத்து மேல பாசம். பாசத்துல பேசறாரு. நாமதான் காப்பாத்தணும்" என்றார் தையற்காரம்மா. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய், அவரே ரம்பத்தின் ஒரு பிடியைப் பிடித்துவிட்டார். மறுபிடியை எங்கள் செடிக் கூட்டத்துத் தோழர் ஒருவர் பிடித்தார். ரம்பத்தின் பல் தேக்கின் பட்டையில் முதல் கீறலைப் போட்டது. கர்ர்ரக்.

பச்சைச்செவியாருக்கு நெஞ்சே அறுந்ததுபோல இருந்திருக்க வேண்டும்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார். "மரம் பேசாது!"

ரம்பம் நின்றது.

"என்னங்க ஐயா சொல்றீங்க?"

"பேசாதும்மா! மரம் எங்கயாவது பேசுமா? இலைக்கு வாய் இருக்கா? காதுல வெச்சா என்ன கேக்கும், மண்ணாங்கட்டி! உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?"

இவ்வளவு தெளிவான பகுத்தறிவுப் பிரசங்கத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

தையற்காரம்மா ரம்பத்தை விட்டார். "அப்ப எங்க வீட்டுக்காரர் முட்டி?"

"டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா! என்கிட்ட ஏன் வந்தீங்க?"

கண்டக்டர் அம்மா போய் ஒரே இழுப்பில் தார்ப்பாயை உருவினார். வெட்டிய கட்டைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் சுண்ணாம்பு எண். மேலிருந்து மூன்றாவது கட்டையில் துருப்பிடித்த ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. துணிக்கொடி கட்ட நான் அடித்த ஆணி. என் வாகை. அதைத் தடவிக்கொண்டு நின்றேன். அது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்கக் கூடிய வார்த்தையாக இருந்திருக்காது.

அவரவர் கட்டையை அவரவர் அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். சுமந்தது யார் தெரியுமா? மச்சினன். வீடு வீடாக, அவர் தலைமேலேயே. அடுத்த வாரம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. தேக்கு மட்டும் பட்டையில் ஒரு கீறலோடு நிற்கிறது.

புதன்கிழமை நான் சட்டையோடு தையற்காரம்மா வீட்டுக்குப் போனேன். மகோகனி நிழலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை நிமிர்த்தவில்லை.

"நேத்து அந்தத் துணிக்கடைக்குப் போனேன் சார். மத்த நாலு பேருகிட்டயும் கேட்டேன். நாலு பேருக்கும் முட்டி வலி. முதலாளிகிட்ட நின்னு சண்டை போட்டேன். அஞ்சு முக்காலி வாங்கிப் போட்டிருக்காரு."

"முதல்லயே கேட்டிருக்கலாமே?"

"கேக்கத் தோணலையே" என்று நூலைக் கடித்தார். எனக்கு மட்டும் தோன்றியதா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம் பழையபடி கூடுகிறது. பூவரட்டும் பழையபடி பூ வரட்டும் என்கிறார். நோட்டில் காலி இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன; பார்க்க நிம்மதியாக இருக்கிறது. போன வாரம் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இலை பேசாதுன்னு தெரிஞ்சு போச்சு. வேர் பேசுமா சார்?"

அவர் காதில் அப்போதே யாரோ பூச்சுற்ற ஆரம்பித்திருக்க வேண்டும். மரத்துக்கு மூளை இல்லை. அதனால் வெட்ட வந்தாலும் அது சும்மா நிற்கிறது. நமக்கு என்ன கேடு?